எங்கள் கிணறு தினமும் உபயோகத்தில் இருக்கிறது

எருமப்பட்டி,
1983, ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

ஆட்டையாம்பட்டியில் எந்தக் காரியத்திலும் நிதானம் தவறாத சம்பந்தி மயில்சாமி அவர்கள் சமூகத்துக்கு, எருமப்பட்டி சின்னுசாமி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நானும் சம்சாரம் ஆத்தாயியும் மாடு கன்றுகளும் சுகம். கோழிகள் மட்டும் சுகமில்லை, அதைப் பின்னால் எழுதுகிறேன். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் பெண் சௌந்திரமும் சுகமாக இருக்கக் காளியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். சம்பந்தி என்று எழுதலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது, அதை இன்னும் யாரும் திருப்பித் தரவில்லை, ஆகவே எழுதிவிட்டேன்.

என் மச்சான் சென்னிமலை போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்து, ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, தாங்கள் சொல்லி அனுப்பியதைச் சொன்னார். "உங்க கிணத்துல இருக்கறது தண்ணியா, பாட்டான்னு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க. அது தெரியாம கல்யாணப் பேச்சே வேண்டாம்னு இருக்காருங்க" என்றார். இவ்வளவு பெரிய விஷயத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் மோராவது மிச்சமாகியிருக்கும். சுற்றி வளைக்காமல் பதில் எழுதிவிடுகிறேன். தண்ணீர் இல்லை. பாட்டுத்தான்.

தாங்கள் எங்கள் வீடு பார்க்க வந்த அன்றைக்கு, "கிணறு எப்படிங்க?" என்று கேட்டீர்கள். "தினமும் உபயோகத்துல இருக்குதுங்க" என்றேன். தாங்கள் தலையாட்டிவிட்டு இன்னொரு வடை எடுத்துக்கொண்டீர்கள். நான் சொன்னது பொய் இல்லை. உண்மையும் இல்லை என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். பையன் கந்தவேல் நாமக்கல் லாரி ஆபீசில் கணக்கெழுதுகிறான் என்றேனே, அதுவும் அப்படித்தான். காலையில் போகிறான், சாயங்காலம் வருகிறான், சம்பளம் வாங்குகிறான். பாட்டுக் கட்டுவது சும்மா சைடு தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் லாரி ஆபீஸ் பில்லின் பின்பக்கமெல்லாம் பல்லவியாக இருப்பதைப் பார்த்த பிறகு, அவனுக்கு எது தொழில், எது சைடு என்று பெற்ற எனக்கே தெரியாமல் போய்விட்டது.

இதெல்லாம் ஒரு வெள்ளாட்டுக்குட்டியால் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மழை ஏமாற்ற ஆரம்பித்ததும் எங்கள் கிணறு வற்றி, அடியில் பாறை தெரிந்தது. குட்டி அதற்குள் விழுந்துவிட்டது. கந்தவேல்தான் படியில் இறங்கினான். நான் மேலே நின்றுகொண்டு, "உசுரு இருக்குதாடா?" என்று கத்தினேன். அவன் கீழேயிருந்து, "இருக்குதுங்கப்பா" என்றான். அந்த ஒரு வார்த்தை கிணற்றைச் சுற்றிச் சுற்றி மேலே வந்தபோது எவ்வளவு கம்பீரமாக வந்தது என்றால், நான் என்னை அறியாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவனும் அதைக் கேட்டுவிட்டான். குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தவன் முகத்தைப் பார்த்தால், கீழே புதையல் கண்டவன் மாதிரி இருந்தது. அடுத்த வாரம் எதிரொலியை அளவாக அடக்கிப் பாட்டுப் பதிவதற்காகக் கிணற்றுச் சுவரில் ஒரு பக்கம் தீவனச் சாக்குகள் தொங்கின. சேலத்தில் மைக் செட்டும் கேசட்டும் வைத்திருக்கும் கரீம் பாஷா பாய் கடையிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது. ஆர்மோனியத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஏற்றம் இறைத்த கிணற்றில் ஆர்மோனியம் இறங்குவதைப் பார்க்கும் பாக்கியம் இந்த ஜில்லாவில் எனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கும்.

அவன் பாடாத பாட்டு இல்லை, சம்பந்தி. உங்கள் ஊர்ப் பக்கத்துத் தறிக்காரர்களுக்குத் தறிச் சத்தத்தோடு சேர்ந்து போகிற மாதிரி ஒன்று பாடினான், காதுகுத்துக்கு ஒன்று, வெல்ல மண்டிக்கு ஒன்று, எருமை காணாமல் போனால் தமுக்கடிப்பதற்குப் பதிலாக மைக்கில் போட ஒன்று, அந்த எருமை கிடைத்துவிட்டால் போட இன்னொன்று, பிறகு ஒரு எலக்சனில் இரண்டு பேர் கேட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் ஒரே மெட்டில் பாடிக் கொடுத்துவிட்டான், எந்த வேன் போகிறது என்று தெரியாமல் ஊர்ச் சனங்கள் இரண்டுக்கும் கும்பிடு போட்டார்கள். இதோடு நின்றிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். வேலை பார்க்கிற லாரி ஆபீஸ் முதலாளியே ஒரு பாட்டுக் கேட்டார், டிரைவர்களுக்குத் தூக்கம் வராமலிருக்க. இவன், ஆத்தா வாசலில் விளக்கை வைத்துக்கொண்டு உனக்காகக் காத்திருக்கிறாள் என்று ஒரு பாட்டுப் பாடினான். தூக்கம் வரவில்லை, அது உண்மை. நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போன டிரைவர் சின்னான் கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் அதைக் கேட்டுக் கேட்டு அழுது, லாரியைத் திருப்பிக்கொண்டு லோடோடு நேராகத் தன் ஆத்தாளிடம் போய்விட்டான். முதலாளி எங்கள் களத்தில் வந்து நின்று, "ஏனுங்க, நான் தூக்கம் வராததுக்குப் பாட்டுக் கேட்டனா, வண்டி ஊட்டுக்கு வாரதுக்குக் கேட்டனா?" என்றார். ஆத்தாயிதான் உள்ளேயிருந்து, "அந்த ஆத்தாளும் பாவந்தானுங்களே" என்றாள்.

அதற்கப்புறம்தான் அந்த ரிக் வண்டிப் பாட்டு. ரிக் வண்டி வைத்து போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர், துளை போட ஆரம்பிக்கும் முன்பு ஸ்பீக்கரில் போட கங்கையம்மாளைக் கூப்பிடுகிற பாட்டு வேண்டுமென்றார். கந்தவேல் அதை உருகிப் பாடினான், நான் மேலே நின்று கேட்டு என் கண்ணும் கலங்கியது. அந்த வண்டி எத்தனையோ ஊருக்குப் போயிருக்கலாம். தங்கள் மேட்டுக்காட்டுக்கா வர வேண்டும். தாங்கள் தேங்காய் உடைத்து, அவர்கள் பாட்டைப் போட்டு, இரும்பை இறக்கினால் வெறும் புழுதி கிளம்பியிருக்கிறது. தங்கள் வேட்டி, ரிக் வண்டி, பக்கத்து வீட்டு வாழை எல்லாம் ஒரே நிறமாகிவிட்டதாகச் சென்னிமலை சொன்னார். அந்த ரிக் வண்டிக்காரர் தன் வண்டியைக் குறை சொல்லவில்லை, இடம் பார்த்தவரையும் சொல்லவில்லை. "இது எருமப்பட்டி சின்னுசாமி ஊட்டு வறண்ட கிணத்துக்குள்ள பாடுன பாட்டுங்க. பாட்டுக்கு எந்தப் பூமி பழக்கமோ அதைத்தானுங்க தேடிப் போகும்" என்றாராம். தங்களுக்கு ஒரே நாளில் போரும் போயிற்று, என் கிணற்றின் சங்கதியும் தெரிந்துவிட்டது. பாறைக்குப் பாட்டுக் கேட்காது என்று நான் இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சத்தியமாகச் சொன்னால் எனக்கே அதில் பாதி நம்பிக்கைதான்.

மனம் கேட்காமல் தாங்கள் கோயிலுக்குக் கிடாயை ஓட்டிப் போனதும் தெரியும். மஞ்சள் தண்ணீரை ஊற்றி, கிடாய் உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால் ஆத்தாள் உத்தரவு, துலுக்காவிட்டால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவு செய்து ஊற்றியிருக்கிறீர்கள். கிடாய் அசையவில்லை. குடம் குடமாக ஊற்றியும் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறது. கோயில் ஸ்பீக்கரில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது கந்தவேல் பாடிய அம்மன் பாட்டு. கரண்டு போய்ப் பாட்டு நின்றதும், தலையிலிருந்து வால் வரைக்கும் படபடவென்று துலுக்கியிருக்கிறது. "ஆத்தாளுக்கே அந்தப் பையன் பாட்டுப் புடிக்கலைங்க" என்று சம்பந்தியம்மாள் அங்கேயே சொல்லிவிட்டார்களாம். நான் அம்மனை எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கிடாய் துலுக்கியதா இல்லையா? துலுக்கியது. கொஞ்சம் தாமதமானாலும் உத்தரவு உத்தரவுதானே. அது கண்ணை மூடிக்கொண்டு நின்றது பாட்டை ரசித்ததனாலும் இருக்கலாம் என்று ஆத்தாயி சொல்கிறாள். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சென்னிமலை போன பிறகு பையனைக் கூப்பிட்டேன். சௌந்திரம் மாதிரி ஒரு பெண் மறுபடியும் கிடைக்க மாட்டாள், பாட்டா கல்யாணமா என்று இப்போதே சொல் என்றேன். அவன் சண்டை போடுவான் என்று நான்கு பதில் தயாராக வைத்திருந்தேன். அவன், "சரிங்கப்பா" என்றான். அவ்வளவுதான். சாக்குகளை அவிழ்த்தான், டேப் ரெக்கார்டரை அவன் அம்மாவின் பழைய சேலையில் சுற்றி, சேலத்துக்குக் கொண்டுபோய்க் கரீம் பாஷா பாயிடம் கொடுத்துவிட்டு வந்தான். "இருக்கட்டும் தம்பி, இதை நான் விக்க மாட்டேன், மேலே பரண்ல வெக்கறேன்" என்று பாய் சொன்னாராம். தயாராக வைத்திருந்த நான்கு பதிலும் எனக்குள்ளேயே கிடந்து அரிக்கின்றன.

இப்போது கோழிகள் விஷயம். தீவனம் விற்கிறவர் ஒருத்தர், பாட்டுக் கேட்டால் முட்டை கூடும் என்று எப்போதோ சொல்லி, கந்தவேல் தீவனம் வைக்கிற நேரத்துக்கென்று ஒரு பாட்டுப் பாடிக் கொட்டகையில் போட்டுக்கொண்டிருந்தான். குஞ்சிலிருந்து அந்தக் குரலில் வளர்ந்த கோழிகள். கேசட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டபடியால், இப்போது தீவனத்தை வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டு வாசலையே பார்க்கின்றன. ரேடியோவை வைத்துப் பார்த்தேன், எடுபடவில்லை. முட்டை குறைந்துவிட்டது. ஆத்தாயி என்னோடு நேராகப் பேசுவதில்லை, எருமையோடு பேசுகிறாள், எனக்குக் கேட்கிற மாதிரி. "பாடற வாயைக் கட்டிப் போட்டுட்டு, முட்டை போடலைன்னு கோழியைத் திட்டறாங்க பாரு சாமி" என்கிறாள். பையன் சாப்பிடும்போது வட்டிலில் விரலால் தாளம் போடுவான், சோற்றில் கை வைத்துக்கொண்டு என்னடா தாளம் என்று இத்தனை வருஷமும் திட்டியிருக்கிறேன். இப்போது போடுவதில்லை. தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான். திட்டுவதற்கு எதுவும் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை, மனசு பொறுக்கவில்லை.

அது என் பாடு. தங்களுக்கு வேண்டிய பதில் இதுதான்: கந்தவேல் இனிமேல் பாட மாட்டான். காளியாத்தாள் மேல் சத்தியம். கிணறு சுத்தமாகிவிட்டது, உள்ளே சாக்கும் இல்லை, சத்தமும் இல்லை. ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்க்கலாம். குழந்தை சௌந்திரம் மஞ்சள் குங்குமத்தோடு நூறு வயது இருக்கட்டும். தங்கள் மேட்டுக்காட்டில் அடுத்த போராவது கை கொடுக்கட்டும். சம்பந்தியம்மாளுக்கும் அந்தக் கிடாய்க்கும் என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
சொன்ன சொல் தவறாத,
சின்னுசாமி.

பி.கு.: தபால் பெட்டி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. இருந்தாலும் சேலத்தில் போட்டால் சீக்கிரம் வந்து சேரும் என்று பஸ் ஏறினேன். சேலம் வரைக்கும் போனவன் கரீம் பாஷா பாயைப் பார்க்காமல் வருவது மரியாதை இல்லை என்று கடைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததுமே பரணிலிருந்து சேலை மூட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். திரும்பி வந்தபோது மூட்டை என் மடியில் இருந்தது, கடிதமும் என் பையிலேயே இருந்தது. டேப் ரெக்கார்டர் கெட்டுப் போயிருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் தெரியாமல் நானே கிணற்றில் இறங்கி இரண்டு அடி பாடினேன். நிமிர்ந்து பார்த்தால் மேலே கந்தவேல் நிற்கிறான். "சுதி தப்புதுங்கப்பா" என்றான். "சரிங்கப்பா"வுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. "அப்பறம் என்னத்துக்கு அங்கே நிக்கறே, எறங்கி வாடா" என்றேன். ஆகவே மேலே சத்தியம் என்று எழுதியதைத் தயவு செய்து அடித்துவிடவும், கையெழுத்துக்கு மேலே சொன்ன சொல் தவறாத என்று இருப்பதையும். தாங்கள் கேட்ட கேள்விக்குச் சரியான பதில்: மழை பெய்தால் தண்ணீர், பெய்யாவிட்டால் பாட்டு, எப்படியும் எங்கள் கிணறு தினமும் உபயோகத்தில் இருக்கும். அப்படிப்பட்ட கிணறு உள்ள வீட்டுக்கு வரச் சம்மதமா என்று சௌந்திரத்தையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் வெற்றிலை பாக்கைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், பையனிடமிருந்து பாட்டை இன்னொரு தடவை பிடுங்கி வைக்க என்னால் ஆகாது. இதை எழுதும்போது மேற்கே மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே அவன் பாடிக்கொண்டிருக்கிறான். இரண்டு வருஷமாக மழை மழை என்று கிடந்த நான், இந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் வராமல் இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன். குடியானவன் நினைக்கக் கூடாத நினைப்பு, காளியாத்தாள்தான் மன்னிக்க வேண்டும்.