அஞ்சு விரல் வாத்தியார்

யோசனை சொல்வதற்கு அனுபவம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. அனுபவம் வந்துவிட்டால் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஒன்றும் தெரியாதவனால்தான் அடுத்தவர் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று மணிக்கணக்கில் பேச முடியும். இதற்கு அத்தாட்சி நான். இருபத்து மூன்று வயதில், கல்யாணம் ஆகாமல், ஒரு பூனைக்குட்டியைக்கூட வளர்த்தறியாமல், போடிநாயக்கனூரில் பெற்றோர்களுக்குப் புத்தி சொல்லக் கிளம்பியவன்.

ஐம்பதுகளின் பின்பாதி அது. ஆசிரியப் பயிற்சி முடித்த சூட்டோடு கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து மதுரை ரயிலில் போடியில் இறங்கினேன். உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார் வேலை. மற்ற வாத்தியார்கள் எல்லாரும் வேட்டி கட்டித் தோளில் துண்டு போட்டிருக்க, நான் மட்டும் பேண்ட் போட்டு, சட்டைப் பையில் ஒரு கைக்குட்டையை முக்கோணமாக நீட்டி வைத்திருப்பேன். (அந்தக் கைக்குட்டையை மறந்துவிடாதீர்கள். என் மானம் அதற்கடியில்தான் போகப்போகிறது.)

பொங்கல் கழிந்ததும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளோட வீட்டுக்குப் போய்ப் பெத்தவங்களைப் பாருங்க. பரீட்சை வரைக்கும் எப்படி ஒத்தாசையா இருக்கணும்னு பக்குவமாச் சொல்லுங்க" என்றார். பக்குவம் என்னிடம் கிடையாது. சொற்பொழிவு இருந்தது. பிள்ளைகளுக்கு வீட்டில் அமைதி வேண்டும், சத்தான சாப்பாடு வேண்டும், வீட்டு வேலை கொடுக்கக் கூடாது, பெற்றவர்கள் படிப்பில் அக்கறை காட்ட வேண்டும். இதையே ஏற்ற இறக்கத்தோடு அரைமணி நேரம் சொல்வேன். அறைக் கண்ணாடிக்கு முன்னால் ஒத்திகை பார்த்தபோது எனக்கே புல்லரித்தது.

முதலில் போனது சோலையப்பன் வீட்டுக்கு. முன்னால் ஏலக்காய்க் கடை, பின்னால் வீடு. நடுவில் உள்ள முற்றத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். பெரிய காயான பருக்கன் ஒரு பக்கம், சின்னக் காயான பொடி ஒரு பக்கம். அவருடைய மகள் தனலட்சுமி என் வகுப்பில் படித்தாள். வகுப்பில் மொத்தமே மூன்று பெண்கள். அதில் இவள்தான் சரித்திரத்தில் கேள்வி கேட்பவள்.

"வாங்க சார், உக்காருங்க. யாருப்பா அங்க, சாருக்குக் காப்பி கொண்டா" என்று வரவேற்றார் சோலையப்பன். நான் சொற்பொழிவைத் தொடங்கினேன். பத்து நிமிஷம் பொறுத்தார். கடையில் காய் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த வியாபாரிகள் நாலைந்து பேரும் பொறுத்தார்கள்.

"சார், எனக்குச் சோலி கெடக்கு. வெரசா ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றார். "பக்கத்து ஊரு தேவாரத்துல மாப்ள வீட்டுக்காரங்க காத்துக் கெடக்காங்க. பங்குனியிலயே முடிச்சிருவோம்ங்கறாங்க. பங்குனியிலதான் பரீட்சையும் வருது. புள்ள நல்லா வருவான்னா அவங்களை நிறுத்தி வைப்பேன். வரமாட்டான்னா எதுக்கு வீண் அலைச்சல்? நீங்க என்ன சொல்றீக?"

சொல்லிவிட்டுத் தோளிலிருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். துண்டுக்கு அடியில் என் மூன்று விரல்களைப் பிடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் லேசாக நடுங்கியது.

பெற்ற மனசு, நாலு பேர் பார்க்கக் கலங்க வெட்கப்பட்டுத் துண்டால் மறைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். உடனே அவர் கையின் ஐந்து விரலையும் சேர்த்து இறுகப் பிடித்தேன். அவர் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தார். தைரியம் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை அழுத்தினேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சரி, முடிஞ்சது! தேவாரத்துக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிர்றேன். எம் புள்ள பரீட்சை எழுதட்டும்."

ஒரு கைப்பிடியில் ஒரு கல்யாணத்தை நிறுத்திவிட்டேன் என்ற பெருமையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். டிராயிங் மாஸ்டர் வாசலிலேயே மடக்கினார். உள்ளூர்க்காரர் அவர்.

"ஏன் சார், அஞ்சுக்குக் கை குடுத்துட்டீராமே? ஊரே பேசுது."

"எந்த அஞ்சு?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினார். இந்த ஊரில் காய் வியாபாரம் வாயால் பேசப்படுவதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். மூன்று விரல் என்றால் முந்நூறு. சோலையப்பன், 'மகள் முந்நூறு மார்க் வாங்குவாளா?' என்று கேட்டிருக்கிறார். நான், 'ஐந்நூறு' என்று சொல்லியிருக்கிறேன். அவர் நம்ப முடியாமல் பார்த்தபோது, மறுபடி அழுத்தி, 'சத்தியமாக ஐந்நூறு' என்று முடித்துவிட்டேன். அறுநூற்றுக்கு ஐந்நூறு! எங்கள் பள்ளிக்கூடம் கட்டிய நாளிலிருந்து எவனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"போய் மாத்திச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றேன்.

"துண்டுக்குள்ள சொன்னதை வெளியில மாத்துனவன் இந்த ஊர்ல கடை வச்சதில்ல சார். மாத்துனா, மறுநாளே தேவாரத்துக்காரன் பந்தல்கால் ஊனிருவான்" என்றார் டிராயிங் மாஸ்டர்.

வாயை மூடிக்கொண்டேன். ஐந்நூறு வாங்கினாலும் வாங்கிவிடுவாள், சொல்லிக்கொடுப்பது யார், நானல்லவா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. (இந்த நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள்.)

சோலையப்பன் தன் பங்கை நிறைவேற்றத் தொடங்கினார். ஐந்நூறு மார்க் சரக்கு அல்லவா? நான் 'அமைதி' என்று சொல்லியிருந்தேன். முற்றத்தில் காய் பொறுக்கும் பெண்கள் பேசக் கூடாது என்று உத்தரவானது. பசுவைக் கன்றோடு மைத்துனர் தோட்டத்துக்கு ஓட்டிவிட்டார்கள். விடியற்காலையில் கூவிய பக்கத்து வீட்டுச் சேவலை விலைக்கு வாங்கிக் குழம்பு வைத்தார்கள். தெருமுனையில் ஆரன் அடித்த பஸ் டிரைவரிடம் சண்டைக்குப் போனார்.

'சத்தான சாப்பாடு' என்றேனே, காலையில் மலையடிவாரத்துக் குரங்கணியிலிருந்து வந்த வல்லாரைச் சாறு, மதியம் வெண்டைக்காய், இரவும் வெண்டைக்காய். தலைக்கு ஊற்றிக் குளித்தால் படித்தது இறங்கிவிடும் என்று எண்ணெய் முழுக்கை நிறுத்தினார். (இதை நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டவர்களிடம் எல்லாம், "சார் சொல்லியிருக்காரு" என்றுதான் சொல்லியிருக்கிறார்.) 'அக்கறை' என்றதற்கு, மணிக்கொரு தடவை மகளுக்கு எதிரே வந்து நின்று, காய் பதத்துக்குக் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போவாராம்.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் தனலட்சுமி வந்து நின்றாள். முகம் வாடி, தலை பரட்டையாக இருந்தது.

"சார், எங்க அப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

"நல்லதுதாம்மா சொன்னேன்."

"நான் இம்புட்டு நாளும் காய் பொறுக்கிற அக்காங்களுக்கு நடுவுல உக்காந்துதான் சார் படிப்பேன். சத்தம் போட்டுப் படிப்பேன். அவுக கேள்வி கேப்பாக. 'அந்தப் பானிபட்டுல ஓயாம சண்டையாக் கெடக்கே, அந்த ஊருப் பெரிய மனுசங்க யாரும் வெலக்கி விடமாட்டாகளா?'ம்பாக. பதில் சொல்லச் சொல்ல எனக்கு மனசுல நின்னுக்கும். இப்ப தனி ரூம்புல உக்கார வச்சுட்டாரு. ஒரு சத்தமும் இல்ல. புத்தகத்தைத் திறந்தா அஞ்சு வெரல்தான் சார் தெரியுது." அழுதுவிட்டாள்.

ஒத்தாசை செய்யப் போய், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண்ணின் படிப்பைக் கெடுத்துவிட்டேன். ஐந்நூறைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவள் உடைந்துபோவாள். விட்டால் தேவாரம். இரண்டு நாள் திண்டாடிவிட்டு, உண்மையைச் சொல்வது என்று கடைக்குப் போனேன்.

நேரம் பார்த்துப் போகும் வழக்கம் எனக்கு எப்போது இருந்தது? மறுநாள் காய் ஏலம். கடை நிறைய வியாபாரிகள். சோலையப்பன் என்னைக் கண்டதும், "அஞ்சு வெரல் வாத்தியாரு வாராரு, வழி விடுங்கப்பா!" என்றார்.

"ஐயா, அந்தக் கணக்கைக் கொஞ்சம் மாத்தணும்" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"ஏத்தப் போறீகளா?" என்றார் அவர் ஆசையோடு.

ஊர் முறைப்படியே பேசிவிடலாம் என்று தோளைத் தடவினேன். துண்டு ஏது? சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை உருவி அவர் கைமேல் விரித்தேன். அது எங்கள் இருவர் கட்டைவிரலை மறைப்பதற்குள் தீர்ந்துவிட்டது. மீதி நான்கு விரலும் வெட்டவெளியில் இருந்தன. வியாபாரிகள் கூச்சமில்லாமல் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நான் மூன்று விரலைப் பிடித்தேன்.

"மூணாம்ப்பா!" என்று ஒருவர் பின்னால் நின்றவர்களுக்கு அறிவித்தார்.

சோலையப்பன் முகம் சிவந்தது. "அஞ்சுன்னு அழுத்திப் பிடிச்சீகளே சார்! மாப்ள வீட்டை நிறுத்தி வச்சிருக்கேன். சேவலை அறுத்துருக்கேன். அது கெடக்கட்டும், நீங்க எஸ்.எஸ்.எல்.சி.யில எம்புட்டு வாங்குனீக?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் குறைந்த மார்க் வாங்கினவனும் வாத்தியாராகலாம் என்று நிரூபித்து அவரைத் தேற்றிவிடலாம் என்று என் மண்டைக்குத் தோன்றியது. ஒரு விரலை விட்டுவிட்டு இரண்டை மட்டும் பிடித்தேன். வாயால், "கொஞ்சம் கொசுறும் உண்டு" என்றேன்.

"ரெண்டு வெரல் சரக்கு அஞ்சுக்குக் கை குடுத்துருக்குடோய்!" என்று யாரோ கத்த, கடையே குலுங்கியது. ஒருவர் சிரித்த சிரிப்பில் ஏலக்காய்ச் சாக்கிலிருந்து சரிந்து கீழே விழுந்தார். கைக்குட்டையும் விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது அப்படியே சாக்குக்குள் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

சோலையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "போதும்ப்பா. தேவாரத்துக்கு ஆள் அனுப்புறேன். பங்குனியிலயே முடிச்சிருவோம்" என்றார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அவர் மனைவி அங்கம்மாள் வந்தார். வியாபாரிகள் கூடியிருக்கும் கடைக்கு அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. நேராகக் கணவரிடம் போய், அவர் தோளிலிருந்த துண்டை இழுத்து அவர் கைமேல் போட்டு, தன் கையை அதற்குள் விட்டார்.

என் கைக்குட்டையை எட்டி எட்டிப் பார்த்த அத்தனை வியாபாரிகளும் ஒரே நேரத்தில் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நானும் திரும்பினேன். வெகுநேரம் கழித்துச் சோலையப்பன் தொண்டையைச் செருமினார்.

"சரி" என்றார். பிறகு முற்றத்தைப் பார்த்து, "ஏ புள்ளைகளா! வாயில என்ன கொழுக்கட்டையா? பேசுனா என்ன? ஆத்தா தனம், வெளிய வந்து உக்காந்து படி தாயி! ஒண்ணும் வேணாம், ஒனக்கு வந்ததை எழுது!" என்று கத்தினார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தனலட்சுமியின் குரல் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக. பானிபட்டுதான். "இன்னுமா அடிச்சுக்கிறாங்க?" என்று ஒரு பெண் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். என் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்காமல் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். அதற்கு மட்டும் அது போதுமானதாக இருந்தது.

தனலட்சுமி பரீட்சை எழுதினாள். தேறினாள். ஐந்நூறு இல்லை, முந்நூற்றுச் சொச்சம். என்னுடையதைவிட எவ்வளவு கூட என்பதைக் கணக்குப் போட்டுச் சோலையப்பன் ஏலக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். தேவாரத்துச் சம்பந்தம் தானாக நின்றுபோனது. அவள் மதுரையில் பயிற்சி முடித்து, போடியிலேயே ஆசிரியை ஆனாள். அதன்பிறகுதான் கல்யாணம். மாப்பிள்ளை குரங்கணிப் பக்கத்துக்காரர்.

அந்தக் கல்யாணப் பந்தியில் அங்கம்மாளிடம் கேட்டுவிட்டேன். "அம்மா, அன்னைக்குத் துண்டுக்குள்ள எத்தனை விரலைப் பிடிச்சீங்க?"

"வெரலா?" என்று சிரித்தார். "நான் எங்க சார் வெரலைப் பிடிச்சேன்? எங்க புள்ள தோத்துருமோன்னு அந்த மனுசனுக்குக் கை வெடவெடன்னு ஆடிக்கிட்டிருந்துச்சு. சும்மா பிடிச்சுக்கிட்டேன்."

"நானும் அதைத்தானேம்மா செஞ்சேன்!"

பின்னாலிருந்து சோலையப்பன், "எம் பொண்டாட்டி என்ன மார்க்கு வாங்குனான்னு எனக்குத் தெரியும் சார். பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. அதனால நம்புனேன்" என்றார். பந்தியே புரையேறிச் சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் புது மனைவியும்தான்.

கதை அன்றே என் வீட்டுக்குள் வந்துவிட்டது. இப்போது என் பேரன் பரீட்சைக்குக் கிளம்புகிறான். வாழ்த்துச் சொல்ல நான் கையை நீட்டுவதற்குள், சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வருகிறது:

"டேய், தாத்தாகிட்டக் கை குடுக்கறதுக்கு முன்னாடி அவரோட மார்க்கைக் கேட்டுக்கோடா!"