ஒன்பது வினாடி நாடி

ஐந்து மணி நேரம் இருபது நிமிடம். ஒன்பது வினாடி கையைப் பிடித்துப் பார்ப்பதற்காக நானும் அக்காவும் வரிசையில் நின்ற நேரம் அது. இசைக்கருவிக் கடையின் மாடியில் தொடங்கிய வரிசை, படிக்கட்டில் இறங்கி, தெருவில் சலூன் வாசல் வரை நீண்டிருந்தது. சலூன்காரர் வரிசையிலிருந்து நான்கு பேரை உள்ளே கூப்பிட்டு, முடி வெட்டி, அவரவர் இடத்திலேயே திரும்ப நிறுத்தினார். அன்று உருப்படியான பலன் கண்டவர்கள் அந்த நால்வர்தான்.

மாடியில் இருந்தவர் நாடி மாஸ்டர். கழுத்தில் வெள்ளை ஹெட்போன். அதன் ஒயர் எந்தக் கருவிக்கும் போகவில்லை. சட்டைப் பைக்குள் போய் ஒரு சீப்போடு முடிந்தது. அவருடைய தத்துவம் எளிமையானது. மனிதருக்கு நாடி உண்டு, பாட்டோடு பாட்டைக் கலந்து ஓட்டும் டிஜே டெக்குக்கும் நாடி உண்டு. இரண்டும் பொருந்தினால்தான் ஓடுகிற பாட்டின் தாளத்தோடு அடுத்த பாட்டின் தாளம் சேரும். பொருந்தாத டெக்கை வாங்கிப் போனால் முதலில் பாட்டுகள் மோதும், பிறகு வீட்டில் இருப்பவர்கள் மோதுவார்கள். வீட்டில் மோதாதவர் யாரும் வரிசையில் இல்லை. எனவே எல்லாருக்கும் இது அனுபவ உண்மையாகப் பட்டது.

நிரூபணமும் உண்டு. பெரிய திரை வைத்த டெக்கின் மேல் வெல்வெட் துணியைப் போர்த்துவார். அதன் ஒளி நம் கண்ணுக்கு ஆகாதாம். துணிக்கு அடியில் கையை விட்டு, கண்ணை மூடி, மூச்சை இழுப்பார். தடுமாறிக்கொண்டிருந்த இரண்டு பாட்டுகளும் சட்டென்று ஒரே அடியாக விழும். பல் டாக்டர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படித்தவர் அழுதால் மற்றவர்களுக்கு வசதி. யோசிக்கிற வேலை மிச்சம்.

யாருக்கு எந்த டெக் பொருந்தும் என்று மாஸ்டர் சொன்னாலும், அது கடையில் நெடுநாளாக விற்காமல் கிடந்த டெக்காகவே இருந்தது. நாடிக்கு இருப்பு விவரம் தெரிந்திருந்தது.

அக்காவுக்கு வேலை சலவை நிலையத்தில். பக்கத்துப் பக்கத்தில் சுற்றும் இரண்டு இயந்திரங்களின் சத்தம் எப்போது விலகும், எப்போது ஒன்றாகும் என்று மடிக்கிற துணியிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லுவாள். எட்டு மாதமாகத் தோழியிடம் இரவல் வாங்கிய பழைய சிடி டெக்கில் பழகிக்கொண்டிருந்தாள். அந்தத் தோழியின் கல்யாண விருந்து வரும் சனிக்கிழமை. முதல் ஒரு மணி நேரம் அக்காதான் பாட்டுப் போடவேண்டும். தனக்கென்று சின்னதாக ஒரு டெக் வாங்கத்தான் வந்தோம்.

மாஸ்டர் அவள் கையைப் பிடித்தார். ஒன்பது வினாடி. பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"உடைஞ்ச நாடிம்மா. சின்ன டெக் எதுவும் உன்னை ஏத்துக்காது. பெரிய திரை வெச்சது ஒண்ணுதான் தாங்கும். இல்லேன்னா இந்த ஆசையை விட்டுடு."

அக்கா அன்று வீட்டுக்கு வந்து இரவல் டெக்கைத் துடைத்து அட்டைப்பெட்டியில் வைத்தாள். சனிக்கிழமைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி தோழியிடம் சொல்லப்போவதாகச் சொன்னாள். எட்டு மாதம் கேட்ட காதை விட ஒன்பது வினாடி பிடித்த கை அவளுக்குப் பெரிதாகிவிட்டது.

மறுநாள் அவளை மறுபடி இழுத்துக்கொண்டு போனேன். கூட்டத்தில் பேச எனக்கு வராது. முன்னால் நின்ற பேருந்து ஓட்டுநரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். போன வாரம் மாஸ்டர் சொன்ன டெக்கையே வாங்கியவர். வீட்டில் பாட்டுகள் மோதுவது நிற்கவில்லை, பரிகாரம் கேட்க வந்திருந்தார். ஒரு துண்டுச் சீட்டில் என் யோசனையை எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சீட்டைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்.

முகத்தைப் பார்க்காமலே மாஸ்டர் நாடி சொல்வாராமே என்று ஓட்டுநர் உரக்கக் கேட்டார். சொல்லுவார், சொல்லுவார் என்று பக்தர்களே பதில் சொன்னார்கள். மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் ஸ்பீக்கர் வந்த பெரிய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டார்கள். பக்தியின் வேகம் அப்படி.

ஓட்டை வழியாக ஒரு வெறுங்கை வந்தது. குழந்தை நாடி, சின்ன டெக் போதும் என்றார் மாஸ்டர். அடுத்து, அன்றும் வந்திருந்த பல் டாக்டரின் தங்கக் கடிகாரம் கட்டிய கை. மலை நாடி, பெரிய திரைதான் பொருந்தும். மூன்றாவதாகக் கட்டுப் போட்ட கை. உடைந்த நாடி, அதற்கும் பெரிய திரை.

பெட்டிக்குப் பின்னாலிருந்து ஓட்டுநர் எழுந்து நின்றார். மூன்றும் அவருடைய இடது கை.

நாடி மூச்சுக்கு மூச்சு மாறும் என்று மாஸ்டர் சமாளித்தார்.

"அப்ப டெக்கைத் தூக்கிட்டுப் படி இறங்கறதுக்குள்ள மாறிடுமே சார்," என்றார் ஓட்டுநர்.

சிரிப்புக் கிளம்பியது. கையை விடுங்கள், தாளம் சேர்வதுதான் சாட்சி என்று மாஸ்டர் வெல்வெட் துணியை எடுத்தார். அப்போதுதான் அக்கா முன்னால் போனாள். பழுதுபார்க்கும் மூலையில் இவள் பழகியது போலவே ஒரு சிடி டெக் இருந்தது. இரண்டு சக்கரம், வேகத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு ஸ்லைடர், ஹெட்போன் செருக ஓர் ஓட்டை. திரை இல்லை.

"துணி வேண்டாம் மாஸ்டர். இதுல சேர்த்துக் காட்டுங்க."

அந்த டெக்குக்கு நாடி செத்துவிட்டது என்றார் அவர். ஓட்டுநர் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் வேறு வழியில்லாமல் தொட்டார். இரண்டு நிமிடம் ஸ்லைடரை மேலும் கீழும் இழுத்தார். துணி உலர்த்தும் இயந்திரத்தில் நான்கு செருப்பைப் போட்டது போலச் சத்தம் வந்தது.

அக்கா ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்தாள். இரண்டாவது பாட்டைத் தனியாகக் கேட்டாள். ஸ்லைடரை ஒரு மயிரிழை இறக்கினாள். சக்கரத்தின் ஓரத்தில் விரல் வைத்து லேசாகப் பிடித்து விட்டாள். பிறகு அதை ஸ்பீக்கரில் திறந்துவிட்டாள். இரண்டு பாட்டுக்கும் ஒரே அடி. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் பழக எதைத்தான் வாங்குவது என்று ஓட்டுநர் அவளிடமே கேட்டார்.

"ஸ்லைடர் நீளமா இருக்கட்டும்ண்ணா. சக்கரம் விரலுக்குக் கட்டுப்படணும். ஒரு பாட்டை மட்டும் ஹெட்போன்ல கேக்க முடியணும். மிச்சம் பழக்கம்தான். நானும் தினம் தப்பு விட்டுத்தான் பழகினேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "சனிக்கிழமை நான்தான் போடறேன்."

வரிசை கலைந்து வட்டமானது. வட்டத்தின் நடுவில் மாஸ்டர். பல் டாக்டர் கடிகாரத்தைத் திரும்பக் கட்டியபடி, துணிக்கு அடியில் இத்தனை நாளாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நல்ல கேள்வி. அழுவதற்கு முன்பே கேட்டிருக்கலாம். கையை நீட்டத் தெரிந்த அத்தனை பேரில் ஒருவருக்காவது அந்தத் துணியை விலக்கிப் பார்க்கத் தோன்றியிருந்தால், எல்லாரும் முதல் நாள் மதியமே வீட்டுக்குப் போயிருப்போம். கையைப் பிடிக்க ஆள் வேண்டுமானால் பிடித்துக்கொள்ளட்டும். மூளையையும் சேர்த்துக் கொடுக்கவேண்டியதில்லை.

மாஸ்டர் ஹெட்போனைக் கழற்றினார். சீப்பும் கூடவே வந்து விழுந்தது.

"தானா தாளம் சேர்க்கற பட்டன் ஒண்ணு அந்தப் பெரிய திரை டெக்குல இருக்கு," என்றார். "அதை அமுக்கினேன். காதால சேர்க்க எனக்குத் தெரியாது."