முதுகு மாஸ்டர்

என் முகத்தைப் பார்க்காமலேயே என் பரம்பரையைப் படித்துவிட்ட ஒரே மனிதர் முதுகு மாஸ்டர்தான். சித்தூருக்கு வெளியே, ராணுவத்தில் சேர நினைத்த எங்களுக்கு ஒரு பயிற்சி விடுதி இருந்தது. ஓட்டத்துக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர். கூன், முட்டி இடிப்பு, தட்டைப் பாதம், கோணல் நடை இவற்றைப் பயிற்சியால் நிமிர்த்த இவர். இதில் ஏதாவது ஒன்று மிச்சம் இருந்தாலும் மெடிக்கல் சோதனையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. எப்போதும் எங்கள் பின்னால்தான் நிற்பார். எதிரே போய் வணக்கம் வைத்தால் யாருப்பா நீ என்பார். திரும்பி நின்றால் பெயர், ஊர், எந்த முட்டியில் வலி என்று எல்லாம் சொல்வார். அவரிடம் லீவு கேட்கப் போகிறவன்கூட முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்பான்.

அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அவர் எங்கள் முதுகில் வேறு ஆட்களையும் பார்த்தார். சாந்திபுரத்துப் பையன் ஒருவனைச் சுண்ணாம்புக் கோட்டின்மேல் நடக்கவிட்டு, "உன் இடுப்புல ஒரு பொம்பள கொடத்த வெச்சிக்கினு நடக்குது. யாரு அது?" என்று கேட்டார். அவனை வளர்த்த பெரியம்மா அப்படித்தான் தண்ணீர் சுமப்பாளாம். செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பையனுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. மாஸ்டர் அவன் இடுப்பைப் பிடித்து நேராக்கியபடி, "கொஞ்சம் எறங்கிக்கோங்கம்மா, புள்ளைக்கு மெடிக்கல் இருக்குது" என்று யாரிடமோ மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

என் முறை வந்தது. பத்தடி நடந்திருப்பேன். நிற்கச் சொன்னார்.

"நைனா தறிக்காரரா?"

"ஆமா மாஸ்டர். நகரியில பவர்லூம்."

"வலது தோள்ல பாவு உருளை தூக்கினவரு. இடது கால இழுத்துக்கினு நடப்பாரு. எப்ப போனாரு?"

"நான் எட்டாவது படிக்கறப்ப."

"போகல. உன் கால்லதான் நடந்துக்கினு இருக்காரு."

மண்டையைப் பிளக்கும் பகல் வெயிலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. திரும்பிப் பார்க்கப் பயந்து அப்படியே நின்றேன்.

அன்றிலிருந்து நைனாவை என்னிடமிருந்து இறக்கத் தொடங்கினார். குதிகால், தோள், பின்மண்டை மூன்றும் சுவரில் ஒட்ட நிற்க வேண்டும். முதுகில் துடைப்பக் கட்டையை வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். கால்விரலால் புளியங்கொட்டை பொறுக்க வேண்டும். நான் பொறுக்கிய கொட்டைகளை நட்டிருந்தால் சித்தூரிலிருந்து நகரிவரை நிழலிலேயே போகலாம். இரண்டே மாதத்தில் கண்ணாடியில் வேறு ஆள் நடந்தான்.

அந்தப் பெருமையோடு லீவில் வீட்டுக்குப் போனேன். அம்மா கதவுக்கு முதுகைக் காட்டி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நிற்கும்வரை அவளுக்குத் தெரியவில்லை. "யாரு?" என்று பதறித் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"நீ தெருவுல வர்ற சத்தம் கேட்டா, உங்க நைனா வர்றாருன்னு ஒரு நிமிசம் நெனச்சிக்குவேன். இன்னிக்கி அவரு வரல" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

விடுதிக்குத் திரும்பியதும் மாஸ்டருக்கு எதிரே போய் நின்று, மெடிக்கலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், என் பழைய நடையைக் கொடுங்கள் என்றேன். வேண்டுமென்றே காலை இழுத்தும் காட்டினேன். கூத்தில் நொண்டி வேஷம் கட்டியவன் மாதிரி இருந்தது. அந்த நடை என்னை விட்டுப் போய்விட்டிருந்தது.

மாஸ்டர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். என்னைத் தாண்டி வெறும் மைதானத்தில் இறங்கி நடந்தார். வலது தோள் சரிந்தது. இடது கால் மண்ணை இழுத்தது. கோட்டின் முனையில் நின்று உள்ளங்கையால் பிடரியைத் தேய்த்துக்கொண்டார். நைனா சந்து திரும்பும்போதெல்லாம் அப்படித்தான் செய்வார். நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. நானே மறந்துபோயிருந்தேன். மாஸ்டர் அவரைக் கண்ணால் பார்த்தவரும் இல்லை.

"நைனா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

நடை நின்றது. அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அங்கே மாஸ்டரின் முகம்தான் இருந்திருக்கும். அதற்காகத்தான் திரும்பவில்லை என்று இன்றுவரை நம்புகிறேன்.

"அழிக்கறதுக்கு என்னால ஆகாது. எறக்கி வெக்கத்தான் முடியும். மெடிக்கல்ல என் நடை நட. உங்க தெருமொனையில இருந்து ஊட்டு வரைக்கும் அவர ஏத்திக்கோ. ரெண்டும் பழகிக்கோ" என்றார் அந்த முதுகு.

இரண்டையும் பழகினேன். காலையில் நிமிர்ந்த நடை, சாயங்காலம் நைனா நடை. மற்ற பையன்கள் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று படுக்கையைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். மெடிக்கலில் தேறினேன். சேதி சொல்ல ஊருக்குப் போனவன், தெருமுனையில் பையைத் தோள் மாற்றிக்கொண்டு இடது காலை இழுத்து நடந்தேன். நான் வாசலைத் தொடுவதற்குள் உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் இரண்டு தட்டு. அம்மா எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவாள்.

மாஸ்டர் பிறகு எங்கே போனாரோ தெரியவில்லை. அவரைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. லீவில் வரும்போதெல்லாம் ரேணிகுண்டா ஜங்ஷனில் வண்டி மாற வேண்டும். பிளாட்பாரத்தில் எல்லாரும் வண்டி வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். ஒருவேளை அவர் அந்தப் பக்கம் வந்தால், என்னை அடையாளம் தெரிய வேண்டுமே.