சென்றியில் பாடம் நடத்திய பக்டீரியா அண்ணை

கொழும்பு வெள்ளவத்தை முழுக்கத் தேடினாலும் பக்டீரியாவுக்காக உயிரைக் கொடுக்கக்கூடிய மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்கள் லொட்ஜில் எனக்குப் பக்கத்து அறையில் இருந்தார் என்பது என் தலைவிதி. அவருடைய சொந்தப் பெயர் லொட்ஜ் முதலாளிக்கே மறந்துபோயிற்று. எல்லோருக்கும் அவர் பக்டீரியா அண்ணை. களுபோவிலப் பக்கம் ஏதோ ஓர் ஆய்வுகூடத்தில் வேலை.

அது சண்டைக் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள் எல்லோரும் விசாவையும் சுற்றிவளைப்பையும் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்போம். அவர் மட்டும் பக்டீரியாவின் தோலைப் பற்றிக் கதைப்பார். அதுவும் எப்படி! கண் இரண்டும் வெளியே வந்து விழுந்துவிடுமோ என்றிருக்கும்.

"தம்பி, அந்தத் தோலிலை இருக்கிறது சும்மா ஓட்டை இல்லை, வாசல்! ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவல்காரப் புரதம். புரோட்டன் எண்ட ஒரு நேரேற்றத் துணிக்கை உள்ளுக்கு வந்தால்தான் சோடியத்தை வெளியாலை தள்ளும். பண்டமாற்று! இது நடக்காட்டி அது வளராது, செத்துப்போம்!"

இந்தச் சட்டத்தை லொட்ஜிலும் அமுல்படுத்தினார். இருந்தது ஒரே ஒரு குளியலறை. உள்ளே இருப்பவர் வெளியே வரும் அதே கணத்தில் அடுத்தவர் உள்ளே போய்விட வேண்டும். யாராவது துவாயைத் தேடிக்கொண்டு நின்றால், "வாசல் சும்மா நிக்குது!" என்று லொட்ஜே அதிரக் கத்துவார். சாப்பாட்டுப் பார்சலிலும் அதே சட்டம்தான். என் மீன் பொரியலை எடுத்தால் தன் சம்பலை வைத்துவிடுவார். நியாயமான மனிதர்!

இப்படியிருக்க, எனக்குப் பொரளையில் ஒரு கொம்பனியில் இன்டர்வியூ வந்தது. அப்பாவுக்கு வேலை போய் ஊரில் அடுப்பெரிவதே பெரும்பாடு. வீட்டில் எல்லோரும் அந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள். அன்றைக்கென்று காலி வீதியில் புதுச் சென்றி, இராணுவச் சோதனைச் சாவடி, போட்டிருந்தார்கள். எனக்கோ சிங்களம் மருந்துக்கும் தெரியாது. எனக்கு முன்னால் போன ஒரு பெடியனை ட்ரக்கில் ஏற்றுவதைக் கண்டதும், வந்த வழியே லொட்ஜுக்குத் திரும்பிவிட்டேன்.

பக்டீரியா அண்ணை சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, போகேல்லையோ?"

"பயமாக்கிடக்கு அண்ணை. என்னையும் பிடிச்சுப்போடுவாங்கள்."

அவர் முகம் பூரித்துவிட்டது. "நீர் இப்ப சீனி! சீனி தனியத் தோலைத் தாண்டாது. புரோட்டனோடை கை கோத்துத்தான் உள்ளுக்குப் போகும். புரோட்டன் நான். வாரும்!"

சென்றியில் சிப்பாய் அவருடைய பைக்குள் கையை விட்டு ஒரு ஜாம் போத்தலை எடுத்தான். உள்ளே வெள்ளையாக என்னவோ இருந்தது.

"மொகத மே?" இது என்ன என்று கேட்டான்.

அது அவருடைய மத்தியானச் சாப்பாட்டுத் தயிர்தான். அப்படியே சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அண்ணை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "பக்டீரியா, மஹத்தயா!" எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று நல்ல சிங்களத்தில் வேறு சேர்த்துக்கொண்டார்.

சிப்பாய் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் பாய்ந்தான். அண்ணை விடுவாரா? மூடியைத் திறந்து, பால்சீனி எந்த வாசலால் உள்ளே போகிறது என்று பாடத்தைத் தொடங்கிவிட்டார். அவர்களில் பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, "யன்ன! யன்ன!" என்று எங்கள் இருவரையும் விரட்டினார். என் அடையாள அட்டையை ஒருவரும் கேட்கவில்லை!

பஸ்ஸில் ஏறிய பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை. "பால்சீனி உடைஞ்சு கலக்டோஸ் வெளியாலை வாற இடம்தான் தம்பி திறம். அதுக்கு முதல் துரத்திப்போட்டாங்கள்!"

கொம்பனி வாசல்வரை வந்து என் கொலரைச் சரிசெய்துவிட்டார். களுபோவில எங்கே, பொரளை எங்கே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணை, உங்கடை வேலை?"

"அது கிடக்கட்டும். நீர் உள்ளுக்குப் போம்."

வேலை கிடைத்துவிட்டது. மத்தியானம் துள்ளிக்கொண்டு வெளியே வந்தால், எதிர்ப்பக்கத்தில் கொதிக்கும் வெயிலில் அண்ணை நிற்கிறார்.

"இன்னும் போகேல்லையோ அண்ணை?"

"திரும்பிப் போறதுக்கும் அதே சென்றிதானே, தம்பி."

என் கூடப்பிறந்த அண்ணன்கூட எனக்காக அப்படி வெயிலில் நின்றதில்லை.