மெத்தைத் துணியில் ஓர் ஊர்வலம்

மலாக்கா டவுனில் அழுக்குக் காதோடு ஒரு பிள்ளை தைரியமாக நடமாட முடியாத ஒரே இடம் எங்கள் காஜா பேராங்தான். மற்ற இடத்துப் பிள்ளைகள் பேய்க்குப் பயந்தார்கள், பூச்சாண்டிக்குப் பயந்தார்கள். நாங்கள் செக்கர் மாமாவுக்குப் பயந்தோம். பேயாவது இருட்டினால்தான் வரும். இவர் விடிந்ததும் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு வாசலில் வந்து நிற்பார்.

அவருடைய நிஜப் பெயரை என்னிடம் கேட்காதீர்கள், தெரியாது. புக்கிட் ரம்பாய் போகும் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிற வேலை. நடுவழியில் ஏறுவார், எல்லாருடைய டிக்கெட்டையும் வாங்கிப் பார்ப்பார், இறங்கிவிடுவார். சம்பளம் கொடுக்கிறவன் கேட்டது அவ்வளவுதான். மாமா டிக்கெட்டோடு சேர்த்து ஆளையும் பார்த்தார்.

“டிக்கெட்டு சரி. பித்தானைப் போடு.”

“டிக்கெட்டு சரி. இந்தத் தலைக்கு எண்ணெய் வச்சு எம்புட்டு நாளாச்சு?”

ஒரு தடவை கல்யாண மாப்பிள்ளையே மாட்டிக்கொண்டார். கார் பாதியில் நின்றுபோய், பட்டு வேட்டியும் மாலையுமாக பஸ் ஏறியிருக்கிறார், பாவம். வேட்டி ஒரு பக்கம் கணுக்காலில், இன்னொரு பக்கம் முட்டியில். மாமாவின் கண்ணில் பட்டுவிட்டது. பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லி, மாப்பிள்ளையை இறக்கி, ஒரு ரப்பர் மரத்துக்குப் பின்னால் நிறுத்தி, வேட்டியை அவிழ்த்துக் கட்டிவிட்டுத்தான் மறுபடி ஏற்றினார். “முகூர்த்தம் போயிடும் மாமா” என்று மாப்பிள்ளை அழாத குறை. “முகூர்த்தம் போனா அடுத்த முகூர்த்தம் வரும்லா. போட்டோ புடிச்சா புடிச்சதுதான்” என்றாராம்.

வெளி ஆளுக்கே இந்தக் கதி என்றால், பெற்ற பிள்ளைகளின் பாட்டைக் கேட்க வேண்டுமா? மூத்தவள் சரசு, என் கூட்டாளி. அவளுக்குக் கீழே படிக்கட்டு மாதிரி ஐந்து. தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் எல்லாரும் வீட்டுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் வரிசையாக நிற்க வேண்டும். முடி, காது, நகம், காலர், சப்பாத்து. அது முடிந்ததும், “திரும்பி நில்லு.” எல்லா வீட்டிலும் முன்பக்கம் பார்த்து அனுப்புவார்கள். இவருக்கு முதுகுப்பக்கம்தான் முக்கியம். “முன்னுக்கு இருக்கிறதை நீ கண்ணாடில பாத்துக்குவே. பின்னுக்கு இருக்கிறதைத்தான் ஊரு பாக்கும்” என்பார்.

அடிக்கவே மாட்டார். பிரம்பு என்ற சாமானே அந்த வீட்டில் கிடையாது. தண்டனை ஒன்றே ஒன்றுதான். “உள்ள போ. மறுபடி வா.” உள்ளே போய், குறையைச் சரி செய்துகொண்டு, அப்போதுதான் புதிதாகக் கிளம்புகிற மாதிரி வெளியே வர வேண்டும். மறுபடியும் குறையா, மறுபடியும் உள்ளே. கடைசிப் பையன் ஒருநாள் உள்ளே போனவன் வரவேயில்லை. போய்ப் பார்த்தால், போய்ப் போய் வந்த களைப்பில் கதவு மூலையில் சாய்ந்து தூங்குகிறான். அப்போதும் மாமா என்ன சொன்னார் தெரியுமா? “தூங்கினாலும் காலர் கசங்காம தூங்குறான் பாரு.”

காய்ச்சல் என்றாலும் தப்ப முடியாது. தலை வாரி, பவுடர் பூசித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். “டாக்டரு காய்ச்சலைப் பாக்குறதுக்கு முந்தி உன்னைத்தான் பாப்பாரு” என்பார்.

இதில் எங்களுக்கு என்ன வந்தது என்கிறீர்களா? காஜா பேராங் அம்மாக்களுக்கு ஓசியில் ஒரு வாத்தியார் கிடைத்துவிட்டாரே, விடுவார்களா? “செக்கர் மாமாகிட்ட காட்டிட்டுப் போடி” என்று என் அம்மாவும் என்னைத் தள்ளிவிடுவார். சொந்த அப்பாவே கண்டுகொள்ளாத என் பின்னலை அந்த மனுஷன் எத்தனை தடவை அவிழ்க்க வைத்திருப்பார்! எனக்கு அப்போது அவரைக் கண்டாலே ஆகாது.

அவர் ஏன் அப்படி ஆனார் என்று சரசுதான் சொன்னாள். மாமா எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். வாலிபத்தில் வேலை கேட்டு டவுனில் ஓர் ஆபீஸுக்குப் போயிருக்கிறார். சட்டையில் தோள்பட்டை கிழிசல். வாயைத் திறப்பதற்குள் வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா பிடித்து வெளியே தள்ளிவிட்டான். “நான் என்னா படிச்சிருக்கேன்னு கூட கேக்கல. என் சட்டையைப் பாத்தான், போன்னுட்டான். என் பிள்ளைங்களை ஒருத்தன் அப்படிச் சொல்லக் கூடாது” என்று வீட்டில் அடிக்கடி சொல்வாராம்.

அதனால் வந்ததுதான் அந்த ஒரே துணி விவகாரம். வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு, மாமா ஒரு முழுக் கட்டுத் துணி வாங்குவார். அதிலேயே ஆண்பிள்ளைகளுக்குச் சட்டை, பெண்பிள்ளைகளுக்குக் கவுன், அத்தைக்கு ரவிக்கை, தனக்குச் சட்டை, மிச்சத்தில் சன்னலுக்குத் திரை. எல்லாம் அத்தை கையால் சுற்றுகிற மெஷினில் தைத்துவிடுவார். ஒருவன் உசத்தி, ஒருவன் மட்டம் என்று வீட்டுக்குள் பேச்சே வராது என்பது மாமாவின் கணக்கு. அந்தத் திரைக்கு முன்னால் ஒரு பிள்ளை அசையாமல் நின்றால், பெற்ற தாயாலேயே கண்டுபிடிக்க முடியாது.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். படாங் திடலில் கொடி ஏறியதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. “நம்ம நாடுன்னு ஆயிப்போச்சு. இனிமே ஆபீஸ்ல, ஆஸ்பத்திரில நம்ம பிள்ளைங்கதான் உக்காரப் போவுது. கசங்கிப்போய் உக்காரக் கூடாது” என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார். சொந்த நாட்டில் முதல் தீபாவளி. துணி எப்படி இருக்க வேண்டும்! டவுனில் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்துத் தெருத் துணிக்கடைக்குப் போனார். உதவிக்கு நானும் சரசுவும்.

கடையில் இருந்த அத்தனை கட்டையும் இழுத்துப் பார்த்தார், கசக்கிப் பார்த்தார், எச்சில் தொட்டுச் சாயம் போகிறதா என்று பார்த்தார். எல்லாம் பெயில். கடைசியில் மூலையில் நின்றிருந்த ஒரு கட்டைத் தூக்கினார். வெள்ளைத் துணி, நீலக் கோடு. இழுத்தார், நூல் பிரியவில்லை. கசக்கினார், கசங்கவில்லை. மாமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“இதான் துணி!”

“அண்ணே, அது வந்து…” என்றார் கடைக்காரர்.

“கிழியுமா?”

“கிழியாது. ஆனா அது எதுக்குன்னா…”

“சாயம் போவுமா?”

“போவாதுண்ணே. நான் சொல்றதைக் கொஞ்சம்…”

“அப்பறம் என்னா பேச்சு? கட்டுங்க!”

மாமா யாரையும் பேசி முடிக்க விட்ட சரித்திரம் இல்லை. கடைக்காரர் எங்கள் இருவரையும் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்தார். எங்களுக்கு அப்போது புரியவில்லை.

தீபாவளி காலையில் புரிந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, முழுக் குடும்பமும் நீலக் கோட்டுத் துணியில் வாசலில் நிற்கிறது. வாஸ்தவத்தில் பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. அப்போது பலகாரம் சாப்பிட வந்தார் தெருக்கோடியில் பஞ்சு மெத்தை தைக்கும் சீனக் கிழவர். எல்லாருக்கும் அவர் ஆ பெக். வாயில் முறுக்கோடு நிமிர்ந்து பார்த்தவர், சிரித்த சிரிப்பில் முறுக்கு எகிறிப் போய் விழுந்தது.

“செக்கர்! காயின் தீலாம்! காயின் தீலாம் லா!”

அதாவது, மெத்தைக்கு உறை தைக்கிற துணி. அவர் தினமும் பஞ்சு அடைப்பது அதே துணியில்தான். சந்தேகம் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று தன் கடையிலிருந்து ஒரு மெத்தையையே தூக்கிவந்து பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. எங்கள் தெரு மதியம் வரைக்கும் சிரித்தது. நானும்தான் சிரித்தேன், வயிறு வலிக்க.

சரசு மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. தீபாவளி கழிந்த திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். அவளுக்கும் எனக்கும் அழைப்பு வந்திருந்தது. சின்ன வயதிலிருந்து அவள் கனவு கண்டது அந்த வேலை ஒன்றைத்தான். பழைய கவுன்கள் எல்லாம் வெட்டித் தங்கச்சிகளுக்குப் போய்விட்டன. அவளிடம் இருந்த நல்ல உடுப்பு இந்த நீலக் கோட்டுக் கவுன் மட்டும்தான்.

“மெத்தையைச் சுத்திக்கிட்டு மேட்ரன் முன்னாடி நிக்க மாட்டேன்! நான் போவலை!” என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

என் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் வாயல் சேலையை எடுத்துக்கொண்டு ஓடினார். “அண்ணே, ஒரு நாளைக்குத்தானே. புள்ளை கட்டிட்டுப் போவட்டும்.”

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். “வேணாம் தங்கச்சி. இரவல் சேலைன்னா, மேட்ரன் கேக்குற கேள்வில புத்தி இருக்காது. சேலைல கறை பட்டுடுமோன்னு அதுலயே இருக்கும்.”

“பொண்ணு வாழ்க்கைண்ணே! இதுலயுமா வீம்பு?” அம்மா பொரிந்து தள்ளிவிட்டுத் திரும்பி வந்தார். “மனுஷனா இவரு!” என்று அன்றைக்குப் பாத்திரமெல்லாம் சத்தம் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாமா குடும்பத்தையே வெளியே கூப்பிட்டார். எல்லாரும் மெத்தைத் துணியில், இஸ்திரி போட்டு, தலை வாரி, பூ வைத்து. சரசு கண் வீங்கி நிற்கிறாள். வரிசையாக நிறுத்தினார், காது பார்த்தார், காலர் பார்த்தார், திரும்பச் சொல்லி முதுகும் பார்த்தார். “கோயிலுக்குப் போயிட்டு வரலாம். நடந்து” என்றார். அவர் முன்னால், சரசு அவருக்குப் பக்கத்தில். வேடிக்கை பார்க்க நான் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

கோப்பிக் கடையைத் தாண்டும்போது உள்ளே இருந்தவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவர் குரல் கொடுத்தார்: “மாமா, மெத்தை போவுது, தலகாணி எங்க?”

மாமா நின்றார். வரிசையும் நின்றது. அடிதடி ஆகப்போகிறது என்றே நினைத்தேன்.

“சிரிங்க” என்றார் மாமா, கொஞ்சம்கூடக் கோபமில்லாமல். “நல்லாச் சிரிங்க. வாங்கினவன் நான், மடத்தனம் என்னுது. இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, எனக்கும் நேரம் இருக்கு, உங்களுக்கும் நேரம் இருக்கு. சிரிக்கிறது எல்லாத்தையும் இன்னிக்கே சிரிச்சு முடிச்சிடுங்க. நாளைக்கு என் மகளுக்கு வேலை இருக்கு.”

சொல்லிவிட்டு நிஜமாகவே காத்துக்கொண்டு நின்றார். பாவம், அவர்களும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தார்கள். ஒருவன் நிதானமாக நின்று ‘ம், சிரி’ என்று பார்த்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரம்தான் சிரிக்க முடியும்? போகிற வழியெல்லாம் இப்படியே. கடைக்குக் கடை நின்று, சிரிக்கவிட்டு, நன்றி சொல்லிவிட்டு நடந்தார்.

கோயிலில் கும்பிட்டுத் திரும்பும்போது, சரசுவின் தலை நிமிர்ந்திருந்தது. சந்து முனையில் ஒருவர் புதிதாகச் சிரிக்கத் தொடங்க, மாமா வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள். “மெத்தை போவுதுண்ணே, தலகாணி பின்னால வருது!” மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு பூரிப்பு. கோப்பிக் கடையைத் திரும்பத் தாண்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் எழுந்து நின்று தன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார மேட்ரன் முன்னால் முதலில் போனது நான், அம்மாவின் வாயல் சேலையில். ரத்தத்தைப் பார்த்தால் பயப்படுவாயா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிக்கொண்டே மயங்கி விழுந்தேன். என் கதை அதோடு முடிந்தது.

அடுத்து சரசு. மேட்ரன் அவளை ஏற இறங்கப் பார்த்து, “இந்தத் துணியை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே” என்றாராம். “பார்த்திருப்பீர்கள் மேடம். உங்கள் வார்டில் எல்லாக் கட்டிலிலும் இதுதான். என் அப்பா தெரியாமல் வாங்கிவிட்டார். வீட்டில் எல்லாரும் இதைத்தான் போட்டிருக்கிறோம்” என்றாளாம் சரசு, சிரிக்காமல், நடுங்காமல். மேட்ரன் அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகைப் பார்த்தாராம். ஒரு சுருக்கம் இல்லை. அப்புறம்தான் மற்றக் கேள்விகள். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அடுத்த மாதமே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் வெளியே வந்தோம். கேட்டுக்குப் பக்கத்தில் மற்றப் பெண்களின் அப்பாமார் கோட்டும் தொப்பியுமாக நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார், உட்கார்ந்தால் கசங்கும் என்று. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பித்தளைப் பித்தான் வைத்த தன் காக்கி யூனிபார்மை அவர் அன்றைக்குப் போடவில்லை. அதே மெத்தைத் துணிச் சட்டை.

“கெடச்சிடுச்சுப்பா!” என்று சரசு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “எல்லாரும் பாக்குறாங்களேப்பா, நீங்களாச்சும் யூனிபார்மைப் போட்டுட்டு வந்திருக்கலாம்ல?”

“நீ உள்ள இதைப் போட்டுட்டு நிக்கிறே” என்றார் மாமா. “நான் வெளிய வேற என்னத்தைப் போடுறது?”

அப்புறம் நான் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டார். கைக்குட்டையை எடுத்து நீட்டி, “உனக்கு வேற நல்ல வேலை வரும்மா. கண்ணைத் தொடச்சிக்கோ, சடக்குல ஆளு போவுது” என்றார். சரசு ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக அவரோடு சடக்கு ஓரமாகவே காஜா பேராங் வரைக்கும் நடந்து வந்தோம். எனக்கு வேலை கிடைக்காத அந்த நாளில், வழியெல்லாம் எதிரில் வந்தவர்கள் என்னையும் அவருடைய மகள் என்றே நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்று நானும் கொஞ்சம் ஒட்டியே நடந்தேன்.