கஞ்சி போட்ட கேண்டிடேட்

மதிப்பும் மரியாதையும் மிகுந்த பெரிய மச்சானுக்கு, சலவைக்கடை மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கையும் இஸ்திரிப் பெட்டியும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"பொண்ணுக்கு எதுக்கு இன்னும் படிப்பு? என் கடைக் கல்லாவுல வந்து உட்காரட்டும்" என்றீர்களே, அதை நான் மறக்கவில்லை. என் மகள், உங்கள் மருமகள், வெளிநாட்டுப் படிப்புக்குத் தேர்வாகிவிட்டாள். இதை நின்றுகொண்டே படிக்கவும்.

எப்படி என்று கேட்பீர்கள், கேட்காவிட்டாலும் சொல்வேன். பல்லை உடைக்கும் இங்கிலீஷ் வார்த்தைகளை எல்லாம் அவள் கடையில் உட்கார்ந்துதான் படித்தாள், நான் தேய்த்துக்கொண்டே கேள்வி கேட்பேன். "அர்த்தம் மட்டும் தெரிஞ்சா பத்தாதுப்பா, வார்த்தை எங்க பொறந்துச்சுன்னு தெரியணும், அப்பதான் மறக்காது" என்பாள், சம்பந்தம் பேசப் போகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். கம்பேனியன் என்றால் தோழர், ஆதியில் கூடவே ரொட்டி தின்கிறவராம், "அப்ப நாம ரெண்டு பேரும்தான்" என்று என் டிபன் டப்பாவில் கை வைத்துவிட்டாள், அன்று முதல் பாதி அவளுக்கு. ரைவல் என்றால் போட்டியாளர், ஆதியில் ஒரே ஓடையில் தண்ணீர் எடுத்தவர்களாம், பக்கத்து டீக்கடைக்கும் எனக்கும் ஒரே குழாய் அல்லவா, எனக்கு இருப்புக்கொள்ளாமல் ஓடிப்போய் "நீதான்யா என் ரைவல்" என்று சந்தோஷமாகச் சொன்னேன், விளக்கத்தை அந்த ஆள் காதில் வாங்கவே இல்லை, அன்றிலிருந்து எனக்கு ஆறிப்போன டீதான் வருகிறது. போகட்டும், கேண்டிடேட் என்றொரு வார்த்தை வந்தது பாருங்கள், பழைய ரோமாபுரியில் பதவிக்கு நின்றவர்கள் சுண்ணம் தேய்த்து வெளுத்த அங்கி போட்டார்களாம், அந்த வெள்ளையிலிருந்துதான் வார்த்தையே பிறந்ததாம், அடடா நம்ம தொழிலாச்சே என்று நேர்முகத் தேர்வுக்கு அவளுடைய வெள்ளை உடையை நானே வெளுத்து, கஞ்சி போட்டு, காயவைத்து, மனசு கேட்காமல் மறுபடியும் கஞ்சி போட்டேன். "அப்பா, டிரெஸ் தானா நிக்குதுப்பா" என்றாள். "கேண்டிடேட்னா சும்மாவா?" என்றேன்.

உள்ளே போனவளால் உட்கார முடியவில்லை. பெரிய பேராசிரியை அம்மா நாற்காலியைக் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு, ஏன் நிற்கிறாய் என்று கேட்டிருக்கிறார். எங்கப்பா கஞ்சி போட்டுவிட்டார், உட்கார்ந்தால் உடைந்துவிடும் என்று இவள் அத்தனையும் இங்கிலீஷில் சொல்லி, ரோமாபுரிக் கதையையும் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். பிறகு வார்த்தை மேல் வார்த்தையாகக் கேட்டிருக்கிறார்கள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றுக்கும் பொருளும் பிறப்பும் சொன்னாளாம் என் மகள்.

ஊரார் துணியை வெளுத்தே காலம் தள்ளினவன் பெற்ற பெண், மச்சான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போதெல்லாம் கஞ்சி போடாத சட்டையிலும் நான் நிமிர்ந்துதான் நடக்கிறேன். ஆகவே உங்கள் கல்லாவில் வேறு யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளவும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
கேண்டிடேட்டின் அப்பா

பின்குறிப்பு: விசா வேலையாக அவள் காலையிலேயே போய்விட்டாள். மத்தியானம் டிபன் டப்பாவில் அவள் பாதி அப்படியே மீந்துவிட்டது. உங்கள் கல்லா இன்னும் காலியாகத்தானே இருக்கிறது? சும்மாதான் கேட்டேன். நான் கேட்டதாக அவளிடம் சொல்லிவிட வேண்டாம்.