சிக்னல் அண்ணாச்சியும் ஒரு கரண்டிக் கூழும்

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் பாதி, ஒரே மனிதரின் ஆள்காட்டி விரலுக்குப் பயந்துதான் சரக்கை இறக்கின என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம், பிள்ளைகளே. எங்கள் மில்லர்புரம் தெருவுக்கு வந்து யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். பாதி என்று குறைத்துச் சொன்னதற்காக என்மேல் கோபப்படுவார்கள். முக்கால் என்பார்கள்.

அவர் பெயர் சிக்னல் அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு. அது கரண்ட் கணக்கு எடுக்க வருகிறவருக்கு மட்டும் தெரியும்.

அவர் பார்த்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பலில் சரக்கு இறக்கும் கிரேனை ஓட்டுகிறவர் பனைமரத்தைவிட உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதனால் கீழே ஒருவர் விளிம்பில் நின்று கையால் சொல்லுவார். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து விசிறினால் நிறுத்து. மரக்கட்டை, இயந்திரம், காற்றாலை இறக்கை எல்லாம் அந்தக் கையைப் பார்த்துத்தான் ஏறும், இறங்கும். அங்கே இருக்கிற இரைச்சலில் வாயால் சொல்லி ஒன்றும் ஆகாது.

அண்ணாச்சி இந்த வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றார். கை மட்டும் ஓய்வு பெறவில்லை.

தெருவுக்குள் ஒரு ஆட்டோ திரும்பினால் போதும், அவர் கை வாசலில் முளைத்துவிடும். கேஸ் வண்டியும் பள்ளிக்கூட வேனும் அவர் உத்தரவு இல்லாமல் பின்னால் வர முடியாது. ஒரு கல்யாண வீட்டில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை தாலியை எடுத்ததும் இவர் எழுந்து, இறக்கு, மெல்ல, இன்னும் மெல்ல, நிறுத்து என்று காட்டினார். வியர்த்துப் போயிருந்த மாப்பிள்ளை அந்தக் கையைப் பார்த்தே மூன்று முடிச்சையும் போட்டு முடித்தார். இன்னொரு முறை அம்மன் சப்பரம் வந்தபோது வழக்கம்போல விரலைக் கீழே சுழற்றிவிட்டார். தூக்கி வந்தவர்கள் தோள் வலியில் இருந்தார்கள். உடனே இறக்கி வைத்துவிட்டார்கள். அம்மன் டீக்கடை வாசலில் அரை மணி நேரம் நின்றது. கடைக்காரர் அதைத் தன் பாக்கியம் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறார்.

அண்ணாச்சிக்கும் அவர் மனைவிக்கும் சண்டை வந்தால் சத்தமே கேட்காது. இவர் ஒரு கையைச் சுழற்றுவார். அந்த அம்மா தோசைக் கரண்டியோடு இரண்டு சுழற்று சுழற்றுவார். தெருப் பிள்ளைகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். கடைசியில் அந்த அம்மா உள்ளங்கையைக் கவிழ்த்து ஒரே ஒரு தடவை விசிறுவார். அண்ணாச்சி நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார்.

"ஏன் அண்ணாச்சி, பயமா?" என்று கேட்டால், "பயமில்லடே. தூக்கு, இறக்குன்னு ஒரு ஆளுதான் காட்டணும். நிப்பாட்டுன்னு எவன் காட்டுனாலும் நிக்கணும். அது துறைமுகச் சட்டம்" என்பார்.

இந்த மனிதரின் எதிர்வீட்டில்தான் என் மகன் ராசா பிறந்தான். நீளமாக, ஒல்லியாக, ஊளி மீன் மாதிரி இருந்தான். நன்றாகச் சிரிப்பான். தவழ ஆரம்பித்ததும் வீட்டில் ஒரு பொருள் தரையில் இருக்க முடியாது. டாக்டரம்மா தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "எடை கூட வேண்டிய அளவு கூடியிருக்கு. பசிச்சா சாப்பிடுவான், போதும்னா விட்டுருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஆனால் டாக்டரம்மா எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் இருக்கும் என் பெரியக்கா ஞாயிறு தவறாமல் வருவாள். பை நிறைய முறுக்கும், வாய் நிறைய விசாரணையும் கொண்டு வருவாள். செருப்பைக் கழற்றும் முன்னாலேயே ராசாவின் தொடையைப் பிடித்துப் பார்ப்பாள். சந்தையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பது போல இருக்கும்.

"ஏளா பேச்சி, பிள்ளைக்குச் சோறு போடுதியா, இல்ல சோத்தப் போட்டோவுல காட்டுதியா?"

பேச்சி என் மனைவி. "போடுதேன் மதினி. டாக்டரம்மா நல்லா இருக்கான்னுதான் சொன்னாவ."

"அவளுக்கு என்ன தெரியும்? பிள்ள பெத்தவளா?"

"மூணு பெத்திருக்காவ மதினி."

"அப்ப அதுகளும் மெலிஞ்சுதான் கெடக்கும்."

அக்கா வந்து போன பிறகு மற்ற சொந்தக்காரர்கள் போன் போடுவார்கள். பால் பத்தவில்லையா என்று ஒருவர் கேட்பார். பிள்ளையை வெயிலில் காட்டாதே என்பார் ஒருவர், வெயிலில் காட்டு என்பார் இன்னொருவர். என் சித்தி மகன், கல்யாணமே ஆகாதவன், அவன்கூட நேந்திரங்காய் மாவு கொடுக்கச் சொன்னான்.

பேச்சி எல்லாவற்றுக்கும் 'சரி' என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, பிள்ளை வாயில் இன்னொரு கரண்டியை வைத்துத் தள்ளினாள். அவன் முகத்தைத் திருப்பினால் காக்கா காட்டினாள், பூனை காட்டினாள், போனில் பாட்டுப் போட்டாள். கொஞ்ச நாளில் கூழ்க் கிண்ணத்தைப் பார்த்தாலே ராசா அழ ஆரம்பித்தான். அவன் அழ, இவள் அழ, கூழ் ஆறிப்போகும். அவள் தட்டிலும் சோறு அப்படியே இருக்கும்.

அந்தச் சமயம்தான் ராசாவுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். குலதெய்வம் கோயிலில் மொத்தச் சொந்தமும் கூடும். ஒருநாள் பேச்சி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நான் வரல. நீங்க பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டு வாங்க. எல்லாரும் அவனப் பாத்துட்டு அடுத்து என் மூஞ்சியத்தான் பாப்பாவ."

பெற்ற பிள்ளையின் காதுகுத்துக்குத் தாய் வராமல் எப்படி? நான் கெஞ்சிப் பார்த்தேன். அவள் துணியை மட்டும் மடித்தாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு. அக்கா வந்திருந்தாள். கூடவே அத்தான், என் சித்தி, பக்கத்து வீட்டுக்காரம்மா. பேச்சி கரண்டியோடு நடுவில் இருந்தாள். "மடியில படுக்கப் போடு" என்றாள் அக்கா. "தலையைப் பிடி" என்றார் சித்தி. "கைய ஆட்டு, பராக்குக் காட்டு" என்றார் அத்தான். "மூக்கப் பிடிச்சா தன்னால வாயத் தெறப்பான்" என்றார் பக்கத்து வீட்டுக்காரம்மா. ராசா தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தான்.

எதிர்வீட்டிலிருந்து ஒரு உருவம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தது. வாசலில் நின்று, இரண்டு கையையும் அகல விரித்து, உள்ளங்கைகளைக் கவிழ்த்து விசிறியது. துறைமுகத்தில் சரக்கு யார் தலையிலாவது விழப்போகும்போதுதான் அப்படி இரண்டு கையாலும் காட்டுவார்களாம். எங்களுக்கு அது தெரியாது. ஆனாலும் எல்லாரும் நின்றுவிட்டோம். கரண்டி அந்தரத்தில் நின்றது. ராசாகூட அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தான்.

"இங்கன சிக்னல் யாரு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

கரண்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலு பேரு நாலு கை காட்டுனா சரக்கு கடலுக்குள்ளதான் போவும். யாரு ஒரு ஆளு?"

"நான் இவனுக்கு அத்தை" என்றாள் அக்கா.

"அத்தைதாம்மா. யாரு இல்லன்னா? நான் கேட்டது சிக்னல் யாருன்னு." அவரே ராசாவைக் காட்டினார். "இவந்தான். வாயத் தெறந்தா இறக்கு. மூடுனா நிப்பாட்டு."

"தெறக்கவே இல்லன்னா?"

"கப்பல் நாளைக்கும் நிக்கும்மா. எங்க போயிரப் போவுது?"

அக்கா முறுக்குப் பையை எடுத்துக்கொண்டு அப்போதே பஸ் ஏறிவிட்டாள்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அண்ணாச்சி ஒன்றை ஆரம்பித்தால் விடுகிற ஆள் இல்லை. மறுநாளிலிருந்து ராசா சாப்பிடும் நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்துவிடுவார். பேச்சி கரண்டியில் கூழை எடுத்ததும் விரலைக் கீழே சுழற்றுவார். ராசா அந்த விரலையே பார்ப்பான். சில நாள் வாயைத் திறந்தான். சில நாள் அண்ணாச்சியின் சட்டையில் துப்பினான். அண்ணாச்சியிடம் வெள்ளைச் சட்டை எதுவும் மிஞ்சவில்லை.

ஒருநாள் அவன் மூன்று வாயோடு நிறுத்திக்கொண்டான். உதட்டை இறுக்கி மூடிவிட்டான். பேச்சி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அண்ணாச்சிக்குத்தான் மனசு கேட்கவில்லை. அங்கே பார்த்தார், இங்கே பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்தார். குரலை மெல்லமாக்கிக்கொண்டார்.

"ராசா, அங்கன பாரு காக்கா. காக்கா வந்திருக்கு பாரு. ஒரே ஒரு வாய்டே. தாத்தாவுக்காக."

பேச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, ஒரு தடவை விசிறினாள்.

அண்ணாச்சி அப்படியே நிறுத்திக்கொண்டார். நீட்டிய விரலை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். பேச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரித்து நான் பார்த்து மாதக் கணக்காகியிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் என்னிடம் கேட்டாள்: "காதுகுத்துக்கு எந்தச் சேலை கட்டட்டும்?"

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ராசா போட்ட சத்தம் கோயில் மணியைத் தோற்கடித்தது. பிறகு பந்தி. பேச்சி அவனை மடியில் வைத்துப் பருப்புச் சோறு ஊட்டினாள். அவன் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான். அக்கா எதிர் வரிசையிலிருந்து ஆரம்பித்தாள்.

"என்னளா இது, கோழி கொத்துன மாதிரி? எல்லாரும் பாருங்க, ஒரு வயசுப் பிள்ள திங்கிற சோறா இது? அவன் வாயத் தெறந்து..."

பந்தியில் எல்லாத் தலையும் திரும்பியது. கடைசி இலையில் அண்ணாச்சி பாதி எழுந்துவிட்டார். கையெல்லாம் சாம்பார்.

அதற்குள் பேச்சி தன் இடது கையை நீட்டிவிட்டாள். உள்ளங்கையைக் கவிழ்த்து, மெதுவாக விசிறினாள்.

"கொஞ்சம் நிப்பாட்டுங்க மதினி. அவன் போதும்ங்கான்."

குரல் உயரவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் பாயசத்தைப் பார்த்தேன்.

"இது என்னளா கை?" என்றாள் அக்கா.

"துறைமுகத்துக் கை மதினி. யாரு காட்டுனாலும் நிக்கணுமாம்."

அக்கா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு பேசியபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. "என் மூத்தவனும் இப்படித்தான் இருந்தான். எங்க மாமியா என்னைய என்னெல்லாம் பேசுனா தெரியுமா? அடுப்படியில உக்காந்து அழுவேன். அப்ப எனக்கு இந்தக் கை தெரியாமப் போச்சே."

அந்த நேரம் பார்த்து அத்தான் பாயச வாளியோடு வந்து, கேட்காமலே அக்கா இலையில் சாய்க்கப் போனார். அக்கா கையைக் கவிழ்த்து ஒரு விசிறு விசிறினாள். அத்தான் வாளியோடு நின்றுவிட்டார். பந்தியே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் அந்தக் கை நடமாட ஆரம்பித்தது. இப்போது அக்காதான் அதை எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறாள், தான் கண்டுபிடித்த மாதிரி.

அண்ணாச்சி பிறகு வீட்டை விற்றுவிட்டுச் சொந்த ஊரான மணப்பாட்டுக்கே போய்விட்டார். போன லீவில் நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்க்கப் போனோம். ராசாவுக்கு இப்போது எட்டு வயது. பந்து பின்னால் ஓடினால் பிடிக்க முடியாது. இன்னும் ஒல்லிதான். நன்றாகவே இருக்கிறான்.

நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணாச்சி அவனை மேலும் கீழும் பார்த்தார். மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் சுற்றிப் பிடித்தார். முகம் வாடிவிட்டது.

"ஏம்மா பேச்சி, பய மெலிஞ்சுட்டானே. சாப்பிடுதானா, இல்லையா?"

நான் பேச்சியைப் பார்த்தேன். கையை நீட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அவருடைய தோளிலிருந்து நழுவிய துண்டை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"சாப்பிடுதான் மாமா. வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

அதுவரை அவள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.